கூந்தலை முடிவோம், சக்கரத்துக்கு மூடி போட வைப்போம்!

(அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகே, பகல் ஷிப்ட் முடிந்து வந்த ஆண், பெண் தொழிலாளர்களின் கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கிராமப்புறத் தோழர்களுக்கும் பயன்படும் என்பதால் வெளியிடுகிறோம்.)



வழக்கமாக இந்த இடத்தில் நின்று கூலியைப் பற்றிப் பேசுவோம்; போனஸைப் பற்றிப் பேசுவோம்; கான்ட்ராக்ட் கொடுமையைப் பற்றிப் பேசுவோம். இன்று நான் பேச வந்திருப்பது தலைமுடியைப் பற்றி. வளையலைப் பற்றி. துப்பட்டாவையும் மோதிரத்தையும் தோளில் போடும் துண்டையும் பற்றி.

நோட்டீசைப் பார்த்துவிட்டு வாலிபத் தோழர் ஒருவர், "தலைமுடியைப் பற்றிப் பேச கட்சி எதற்கு? சலூன் போதுமே!" என்று கேட்டாராம். அவர் சிரித்ததில் எனக்குக் கோபமில்லை. கடைசி வரை கேட்டுவிட்டு, அப்புறமும் சிரிக்க முடிந்தால் சிரிக்கட்டும்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் திருவள்ளூர் போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் தாண்டினால் புட்லூர் வரும். அதற்குப் பக்கத்தில் இருப்பது காக்களூர். அங்கே ஆவின் பால் பண்ணை இருக்கிறது. 2024 ஆகஸ்டு மாதம் அந்தப் பண்ணையில் வேலை செய்துகொண்டிருந்த 30 வயதுப் பெண் ஒருவரின் துப்பட்டாவும் தலைமுடியும் ஓடும் கன்வேயர் இயந்திரத்தில் சிக்கின. அங்கேயே அவர் உயிர் போயிற்று. அவர் கான்ட்ராக்ட் தொழிலாளி. நாம் காலையில் பிரித்துக் காபி போடும் பால் பாக்கெட், அந்தத் தாயைப் போன்றவர்களின் கை பட்டு வந்ததுதான்.

மறுநாள் டீக்கடையில் என் காதுபட என்ன பேசினார்கள் தெரியுமா? "ஷாலை ஒழுங்காகக் கட்டியிருக்கலாமே!" "முடியை அள்ளிச் செருகியிருக்கலாமே!" பேசியவர்கள் முதலாளிகள் அல்ல, தோழர்களே. நம்மைப் போல டிபன் பாக்ஸ் தூக்குகிறவர்கள்.

அந்த மோட்டாருக்கு மூடி இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. நிறுத்தும் பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததா என்று கேட்கவில்லை. கான்ட்ராக்டில் வந்தவருக்கு யாராவது அந்த இயந்திரத்தைப் பற்றி அரைமணி நேரம் சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்கவில்லை. விடை எதுவாக இருந்தாலும் சரி, முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதான். செத்தவளின் துணியைப் பற்றிய கேள்வி இவற்றுக்குப் பிறகு வர வேண்டியது. இதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன். ஆனால் நம் பக்கம் நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அதை முதலில் பேசிவிடுவோம்.

இயந்திரத்தின் கணக்கு

"சிக்கினால் இழுத்துக்கொள்ளலாம்" என்று பலர் நினைக்கிறார்கள். இழுத்துக்கொள்ள முடியாது. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம் பட்டறைகளில் ஓடும் சாதாரண மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1,440 சுற்றுச் சுற்றுகிறது. அதாவது ஒரு வினாடிக்கு 24 சுற்று. அதன் ஷாப்ட் ஒரு அங்குலக் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு மூன்று அங்குலத்துக்குச் சற்று மேலே துணியையோ முடியையோ சுருட்டும். முடி இழுபடுவது நமக்கு உறைத்து, கை அசைய எப்படியும் கால் வினாடி ஆகும். அந்தக் கால் வினாடியில் ஷாப்ட் ஆறு சுற்றுச் சுற்றிவிடும். ஒன்றரை அடி உள்ளே போய்விடும். பின்னலின் நுனி சிக்கியது நமக்குத் தெரிவதற்குள் தலை இயந்திரத்தின் மேல் இருக்கும். சுருட்டச் சுருட்டக் கனம் கூடும். கனம் கூடக்கூட வேகமும் கூடும்.

"முடி அறுந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். ஒரே ஒரு முடி 50 கிராமுக்கு மேல் தாங்கும். ஆயிரம் முடி சேர்ந்தால் ஒரு ஆள் எடையைத் தாங்கும். பின்னலில் இருப்பதோ பல ஆயிரம். ஆகவே முடி அறுவதில்லை. மண்டைத் தோல்தான் பிய்ந்து வருகிறது. மோதிரமும் அப்படித்தான். ஓடும் பல்லிலோ, நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கியிலோ மாட்டினால் மோதிரம் உடையாது. விரலின் தோலையும் சதையையும் கையுறையைப் போல உருவிக்கொண்டு போகும்.

படிக்காதவர்களுக்குத்தான் இப்படி நடக்கிறது என்று யாரும் எண்ண வேண்டாம். அமெரிக்காவில் பேர்பெற்ற யேல் பல்கலைக்கழகத்தில், 2011 ஏப்ரலில், விஞ்ஞானம் படித்த ஒரு மாணவி இரவில் லேத்தில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தாள். முடி சிக்கி இறந்துபோனாள். விசாரித்த அந்நாட்டு சர்க்கார் இலாகா, அந்த லேத்துக்கு உரிய காப்பு இல்லை என்றும் குறிப்பிட்டது. இயந்திரத்துக்குப் படிப்பும் தெரியாது, ஜாதியும் தெரியாது.

ஆண்களுக்கும் இதே கதிதான். மும்பையில் 2024 டிசம்பரில், ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த 19 வயதுப் பையன் ஒருவன், சாப்பாட்டுக் கடைக்காக அரைக்கும் இயந்திரத்தில் சட்டை சிக்கி மாண்டான். நம் தொழிற்பேட்டையிலும் பீகார், ஒரிஸா, ஜார்க்கண்ட் பையன்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! சுவரில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி ஒட்டியிருக்கும் எச்சரிக்கை அவர்களுக்கு எப்படிப் புரியும்? சொல்ல வேண்டியது நம் வேலை.

நாம் செய்ய வேண்டியது

சகோதரிகளே, பின்னலைத் தொங்கவிட்டுக்கொண்டு இயந்திரத்தின் பக்கம் போகாதீர்கள். கொண்டையாக முடிந்து, அதன்மேல் தொப்பியோ தலைத்துணியோ கட்டி, அதன் நுனியையும் உள்ளே செருகுங்கள். பூவும் நாரும் ஷிப்ட் முடிந்த பிறகு. துப்பட்டா வேண்டாம், அதற்குப் பதில் மேலே பொத்தான் போட்ட கோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். சேலையானால் முந்தானையை இழுத்துச் செருகி, அதன்மேல் கோட்டு. கண்ணாடி வளையல் உடைந்தால் கையைக் கிழிக்கும். உலோக வளையல் மாட்டினால் கையையே இழுக்கும்.

தாலியைப் பற்றிச் சொல்லத் தயங்குகிறேன்; ஆனால் சொல்லாமலும் இருக்கக் கூடாது. கழற்றுவதும் கழற்றாததும் உங்கள் மனசைப் பொறுத்தது. அதில் எந்த சூபர்வைசருக்கும் அதிகாரம் இல்லை. கழற்ற மனமில்லாதவர்கள் வெளியே தொங்கவிடாமல், ஜாக்கெட்டுக்குள்ளே விட்டு ஊக்கால் குத்திக்கொள்ளுங்கள். மேலே கழுத்துவரை மூடிய கோட்டுப் போடுங்கள். மின்சார வேலை, பாட்டரி வேலை செய்கிறவர்கள் மட்டும் உலோகம் எதையும் உடம்பில் வைத்துக்கொள்ளவே கூடாது. பாட்டரியின் இரண்டு முனையிலும் மோதிரம் பட்டால் கண் இமைப்பதற்குள் பழுக்கக் காய்ந்துவிடும்.

இனி ஆண் தோழர்கள். நீங்கள் சிரித்தது போதும்! தோளில் துண்டு, பொத்தான் போடாத முழுக்கைச் சட்டை, மடித்துக் கட்டிய லுங்கி, கழுத்தில் மாலை, கையில் கயிறு, பித்தளைக் காப்பு, இப்போது புதிதாகக் காதிலிருந்து தொங்கும் செல்போன் வயர்: இவை எல்லாம் பின்னலுக்குச் சளைத்தவை அல்ல. டிரில்லிங் மிஷினிலும் லேத்திலும் கையுறை போட்டுக்கொண்டு ஓடும் பாகத்தின் அருகே கை வைக்காதீர்கள். கையுறை எல்லா இடத்திலும் காக்கும் என்பது தப்பு. சுற்றும் இயந்திரத்தில் அதுவே கையை இழுத்துக் கொடுத்துவிடும்.

இன்னொரு வேடிக்கை. "தொங்கும் எதையும் அணியாதே" என்று போர்டு மாட்டுகிற அதே நிர்வாகம், நம் கழுத்தில் நாடா போட்டு அடையாள அட்டையைத் தொங்கவிடுகிறது! இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி வைத்த நாடா கொடு, இல்லாவிட்டால் சட்டையில் குத்தும் அட்டை கொடு என்று கேளுங்கள்.

யாருக்காவது விபத்து நடந்துவிட்டால் பதறி இழுக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். துண்டான விரலோ பிய்ந்த தோலோ கிடைத்தால், ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸில் வையுங்கள். நேராக ஐஸில் போடக் கூடாது. கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு ஏழைத் தொழிலாளிகளின் எத்தனையோ கைகளைக் காப்பாற்றிய இடம். அதுவும் சர்க்கார் ஆஸ்பத்திரிதான் என்பதை மறக்காதீர்கள்.

மீதிப் பாதி

இவ்வளவும் நம் பொறுப்பு. ஆனால் இது பாதிதான். மீதிப் பாதியைச் சொல்லாமல் இதை மட்டும் சொல்கிறவன் முதலாளியின் ஆள்.

மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தைப் பாருங்கள். பக்கத்தில் கம்பி வலை மாதிரி ஒன்று இருக்கிறதல்லவா? "சாரி கார்டு" என்கிறோம். பின்னால் உட்காருகிறவரின் துணி சக்கரத்தில் சிக்காதபடி, சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைப்பு இருக்க வேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன. "பெண்களே, சேலை கட்டிக்கொண்டு வண்டியில் ஏறாதீர்கள்" என்று அந்த விதி சொல்லவில்லை. வண்டி செய்கிறவனைப் பார்த்து, சக்கரத்தை மூடு என்று சொல்கிறது.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனி இந்த அம்பத்தூரில்தான் வளர்ந்தது. நம் அப்பாக்கள் வேட்டி கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தார்கள். வேட்டி சிக்காமல் இருக்கச் செயின் கவர் இருந்தது. லேடீஸ் சைக்கிளில் பின்சக்கரத்துக்கு வலையும் சேர்த்துப் போட்டார்கள். பொருளை வாங்குகிறவனின் வேட்டிக்குக் காப்பு உண்டு என்றால், பொருளைச் செய்கிறவளின் கூந்தலுக்கு ஏன் காப்பு இல்லை? ஒரு முழத் தகடு, நாலு போல்ட். இதற்கு வானத்து விஞ்ஞானம் தேவையா?

இந்தச் சண்டை இன்று தொடங்கியதல்ல. இங்கிலாந்தில் மில்கள் பெருகிய காலத்தில், கூரையோரம் ஓடும் ஷாப்டிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி இயந்திரங்களை ஓட்டின. துணி சிக்கிய குழந்தைகளையும் பெண்களையும் அந்தப் பெல்ட்டுகள் தூக்கிக் கூரையில் அடித்தன. மான்செஸ்டர் தெருக்களில் கையிழந்தவர்களும் காலிழந்தவர்களும் எத்தனை பேர் நடமாடினார்கள் என்பதை எங்கெல்ஸ் 1845-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். 1844-ல் சட்டம் வந்தது. ஓடும் ஷாப்டுகளுக்கு வேலி போடு என்றது. முதலாளிகள் என்ன செய்தார்கள்? வேலி போடாமல், சங்கம் கட்டினார்கள்! வேலி போடும் செலவை எதிர்க்க 1855-ல் ஒன்று திரண்டார்கள். நாவலாசிரியர் டிக்கன்ஸ் நடத்திய பத்திரிகை அந்தச் சங்கத்தைக் கிழித்துப் போட்டது. ஆனாலும் 1856-ல் பார்லிமெண்டு சட்டத்தைத் தளர்த்திக் கொடுத்தது. தொழிலாளிகளின் எலும்பை விட முதலாளிகளின் தகட்டுச் செலவு பெரிதாகத் தெரிந்தது.

முதலாளித்துவ சர்க்காருக்குத் தேவை வந்தால் எப்படி விழித்துக்கொள்ளும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கப் பெண்கள் யுத்தத் தளவாட ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். வெரோனிகா லேக் என்ற சினிமா நட்சத்திரம் ஒரு கண்ணை மறைத்து முடியைத் தொங்கவிடுவார். அதைப் பார்த்துப் பெண்களும் தொங்கவிட்டார்கள். இயந்திரத்தில் சிக்குகிறது என்று சர்க்காரே அந்த நடிகையைக் கேட்டுக்கொண்டு, அவர் தம் சிகையலங்காரத்தை மாற்றினார். விமானமும் குண்டும் வேண்டியிருந்தபோது தொழிலாளிப் பெண்ணின் தலைமுடி தேசப் பிரச்னை ஆயிற்று. மற்ற நாளில் அது அவளுடைய "கவனக்குறைவு" ஆகிவிடுகிறது.

ஒரு தாய் போடாத கைநாட்டு

அந்தக் "கவனக்குறைவு" என்ற சொல்லை நான் நேரில் சந்தித்த கதையைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ராத்திரி எனக்குப் போன் வந்தது. வாடகை ஷெட்டில் ஓடும் ஒரு பட்டறை, பெயர் வேண்டாம். 14 பேர் வேலை செய்தார்கள். அதில் ஒரு 19 வயதுப் பெண். மோட்டாரையும் இயந்திரத்தையும் இணைக்கும் ஷாப்டுக்குக் கீழே சிந்திய சாமானைப் பெருக்கக் குனிந்திருக்கிறாள். பின்னல் சரிந்து விழுந்தது. பக்கத்திலிருந்த பையன் ஓடிப்போய் மெயினை அணைத்ததால் உயிர் தப்பியது. தலையின் பின்பக்கத் தோல் ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் போய்விட்டது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் தாய் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருந்தார். நாற்று நடுகிற கை; நகக்கண்ணில் சேறு இன்னும் போகவில்லை. கையில் டைப் அடித்த ஒரு காகிதத்தை வைத்திருந்தார்.

"அண்ணே, கம்பெனியிலேருந்து வந்தவரு குடுத்தாரு. கைநாட்டு வெச்சா செலவைப் பாத்துக்கிறோம்னு சொன்னாரு. இதுலே என்ன எழுதியிருக்கு?"

படித்தேன். "மேற்பார்வையாளர் பலமுறை எச்சரித்தும் கேளாமல், என் மகள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு வேலை செய்த கவனக்குறைவால் இந்த விபத்து நேர்ந்தது. இதற்கு நிர்வாகம் எவ்வகையிலும் பொறுப்பல்ல" என்று இருந்தது. நான் மெள்ள வாசித்துக் காட்டினேன். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"காலையிலே நான் பின்னி அனுப்புற முடி இல்லேண்ணே. விடுதியிலே தானா பின்னிக்கிறா. அவிழ்த்துப் போட்டுக்கிட்டுப் போற பொண்ணு இல்லே அவ. செலவு பாக்கலேன்னா போகட்டும். பொய்யிலே நான் கை வெக்க மாட்டேன்."

காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டார்.

தோழர்களே, அந்த ஒரு வரியை ஏன் எழுதினார்கள்? நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் வெறும் கவனக்குறைவு ஒரு சாக்கு ஆகாது. ஆனால் பாதுகாப்புக்காக வெளிப்படையாகக் கொடுத்த உத்தரவைத் தொழிலாளி வேண்டுமென்றே மீறினான் என்று நிரூபித்தால், சில காயங்களுக்கு முதலாளி கைகழுவ முடியும். உயிர் போனாலோ, நிரந்தரமாக முழு ஊனமானாலோ அந்தச் சாக்கும் செல்லாது. அதனால்தான் "பலமுறை எச்சரித்தும்" என்ற இரண்டு வார்த்தை! அந்தப் பட்டறையில் எச்சரித்தவர் யாரும் இல்லை. தொப்பி கொடுத்தவர் யாரும் இல்லை. விபத்து நடந்த பிறகு, காகிதத்தில்தான் எச்சரிக்கை பிறந்தது.

நாங்கள் விபத்துப் பதிவேட்டில் உள்ளது உள்ளபடி எழுத வைத்தோம். இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு நடந்தோம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கான உதவித் தொகை அவளுக்குக் கிடைத்தது. கூலியில் 90 சதவீதம் என்ற கணக்கு அது. நாலாவது நாள் அந்தப் பட்டறைக்குப் போனேன். ஷாப்டின் மேல் புதிதாக ஒரு தகட்டு மூடி பளபளவென்று இருந்தது. வெல்டர் பையன் சொன்னான்: "பழைய தகடுதான் சார். அரை நாள் வேலை." அரை நாள்! அந்த அரை நாளை ஒரு வாரம் முன்னால் செலவழித்திருந்தால், அந்தப் பெண் இன்று தலையில் துணி கட்டாமல் வெளியே வருவாள்.

நம் குற்றத்தையும் மறைக்க வேண்டாம்

இருந்த மூடியை நாமே கழற்றி வைப்பதும் உண்டு. மறைக்க வேண்டாம். நானும் பட்டறையில் இருந்த காலத்தில் கழற்றி வைத்தவன்தான். மூடியோடு வேலை செய்தால் ஒரு மணி நேரத்தில் இத்தனை பீஸ். கழற்றினால் இன்னும் பத்துக் கூட. பீஸ் கணக்கில் கூலி கொடுக்கும் இடத்தில், வயிறு மூடியைக் கழற்றச் சொல்கிறது. சூபர்வைசர் பார்த்தும் பாராதது போல் போகிறார். உற்பத்தி கூடினால் அவருக்குச் சபாஷ். விரல் போனால் நமக்கு மெமோ.

ஆகவே "மூடியைக் கழற்றாதே" என்று மட்டும் சொன்னால் போதாது. மூடியோடு எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவுக்கே உற்பத்தி அளவை நிர்ணயிக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைத் தனி ஆள் சொல்ல முடியாது. யூனியன்தான் சொல்ல முடியும்.

சட்டம் என்ன சொன்னது, என்ன சொல்கிறது

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம், 1948-ல், தொழிற்சாலைச் சட்டம் வந்தது. ஓடும் பாகங்களுக்குக் கெட்டியான காப்பு வேலி போட வேண்டும் என்று 21-வது ஷரத்து சொன்னது. 22-வது ஷரத்தைக் கவனியுங்கள்: இயந்திரம் ஓடும்போதே அதைப் பரிசோதிக்கும் தொழிலாளி, இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும், அந்த உடையை முதலாளியே கொடுக்க வேண்டும்! "உன் சட்டை தொளதொள என்று இருந்தது" என்று நிர்வாகம் சொன்னால், "நீ கொடுத்த சட்டை எங்கே?" என்று திருப்பிக் கேட்கும் உரிமை அதில் இருந்தது. ஷாப்டில் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டும் சாவியும் துணியைக் கவ்வும். ஆகையால் புது இயந்திரங்களில் அவற்றை உள்ளடக்கியோ மூடியோ செய்ய வேண்டும் என்று 26-வது ஷரத்து சொன்னது. 1963-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் இன்னும் ஒரு படி மேலே போய், காப்பில்லாத இயந்திரத்தை விற்கவே கூடாது என்று ஓர் உடன்பாடு செய்தது.

2025 நவம்பர் 21-ந் தேதி மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. 1948 சட்டம் அதில் கரைந்துவிட்டது. மின்சாரத்தில் ஓடும் இடத்தில் 10 தொழிலாளிகள் இருந்தாலே அது தொழிற்சாலை என்று முன்பு இருந்தது. இப்போது 20 பேர் வேண்டும். நான் சொன்ன பட்டறையில் எத்தனை பேர்? 14! அந்தப் பெண்ணின் தலைத்தோல் போன அன்று அது சட்டப்படி தொழிற்சாலை. இன்று அதே இடம் தொழிற்சாலை அல்ல. பொதுவான ஸ்தாபனங்களின் வரிசையில் அது இருக்கும். ஆனால் தொழிற்சாலை என்ற பெயரும் அதற்குரிய கெடுபிடியும் போயிற்று. இன்ஸ்பெக்டருக்கும் "வசதி செய்து கொடுப்பவர்" என்று வால் சேர்த்துவிட்டார்கள். யாருக்கு வசதி என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. 1964-ல் தொடங்கிய இந்தத் தொழிற்பேட்டையின் சந்துகளில், 20 பேருக்குக் குறைந்த ஷெட்டுகள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்தத் தொகுப்புகளை எதிர்த்து 2025 ஜூலை 9-ந் தேதி நாடெங்கும் வேலைநிறுத்தம் நடந்தது. போராட்டம் தொடரும். ஆனால் அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்தாமல் விடக் கூடாது. பாதுகாப்புக்காகக் கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்று புதிய தொகுப்பும் சொல்கிறது. தொப்பிக்கும் கோட்டுக்கும் கூலியில் பிடித்தால் அது சட்டவிரோதம். உயிருக்கு அபாயம் என்று நியாயமாகத் தோன்றினால் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லும் உரிமையும் உண்டு. எழுத்தில் சொல்லுங்கள், ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

களத்துமேட்டுத் தோழர்களுக்கு

விவசாயத் தொழிலாளித் தோழர்களே, இது பட்டணத்துக் கதை என்று நினைக்காதீர்கள். கதிரடிக்கும் இயந்திரம், கரும்பு பிழியும் இயந்திரம், மாட்டுத் தீவனம் வெட்டும் இயந்திரம், பம்புசெட்டின் பெல்ட் எல்லாம் இதே சக்கரம்தான். தலைப்பாகைத் துண்டும் முந்தானையும் அங்கேயும் சிக்குகின்றன. வட இந்தியாவில் கதிரடிக்கும் இயந்திரத்தில் கையிழந்தவர்கள் பெருகிய பிறகுதான், 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதை இயக்கும் கூலியாள் இறந்தாலோ உறுப்பிழந்தாலோ நஷ்ட ஈடு உண்டு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆனால் இந்தச் சட்டத்தின் பெயரை எந்த மிராசுதாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார். வாடகைக்கு இயந்திரம் வந்து இறங்கியதும் பெல்ட்டுக்கு மூடி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கதிரைத் தொடாதீர்கள். ஒருத்தி சொன்னால் நாளைக்கு அவளைக் கூப்பிட மாட்டார்கள்; பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் தகடு தானே வரும்.

நம் கோரிக்கை

ஒவ்வொரு வாசலிலும் நாம் வைக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

1. ஓடும் ஒவ்வொரு ஷாப்டுக்கும் பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் மூடி. மூடி இல்லாத இயந்திரம் ஓடக் கூடாது.

2. நிற்கும் இடத்திலிருந்தே கை எட்டும்படி நிறுத்தும் பொத்தான்.

3. தொப்பி, தலைத்துணி, கோட்டு எல்லாம் நிர்வாகச் செலவில்; கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் அதே தரம்.

4. நகையைக் கழற்றி வைக்கப் பூட்டுள்ள பெட்டி. தாலியையும் மோதிரத்தையும் கழற்றச் சொல்கிறவன், அது திருட்டுப் போகாமல் பார்க்கவும் வேண்டும்.

5. வேலைக்குச் சேரும் முதல் நாளே, அவரவர் மொழியில் பயிற்சி.

6. இயந்திரம் ஓடும்போது அதன் அடியில் பெருக்கச் சொல்லக் கூடாது.

7. விபத்து நடந்தால் அன்றே பதிவேட்டில் எழுத வேண்டும். யூனியன் பிரதிநிதி பக்கத்தில் இருக்க வேண்டும்.

தோழர்களே! நாளைக் காலை வேலைக்குப் போகும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். இயந்திரத்தைத் தொடுமுன் உங்கள் கூந்தலையும் துண்டையும் மோதிரத்தையும் பாருங்கள். பிறகு தலையை நிமிர்த்தி, இயந்திரத்தின் மூடியைப் பாருங்கள். முதலாவதில் குறை இருந்தால் நீங்களே சரி செய்துகொள்ளலாம். அதற்கு யாருடைய உத்தரவும் வேண்டாம். இரண்டாவதில் குறை இருந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இரண்டு பேராகச் சூபர்வைசரிடம் போங்கள். கேட்காவிட்டால் இருபது பேராகப் போங்கள்.

யாராவது ஒரு காகிதத்தை நீட்டி, "உன் கவனக்குறைவு என்று கையெழுத்துப் போடு" என்றால், சேறு காயாத கையோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற அந்தத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். கைநாட்டு வைப்பதைத் தவிர வேறு எழுதத் தெரியாதவர் அவர். அந்தக் கைநாட்டை அவர் பொய்க்குக் கொடுக்கவில்லை.

கூந்தலை முடிவோம்! சக்கரத்துக்கு மூடி போட வைப்போம்!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!